கை தூக்கியவள்

மடிப்பக்காவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தது என்று கேட்டால் சலவைக்கூடத்தில் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் பெயர் பொருந்திப் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்தும் லாட்ஜுகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, சூடான உருளைகளுக்கு நடுவே ஓட்டி எடுத்தபின் மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து உதற வேண்டும். கிட்டே வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். மறுபடி பின்னால் போக வேண்டும். மடிப்பக்காவுக்கு எதிர்முனை எப்போதும் அவளுடைய நாத்தனார்தான். நாளெல்லாம் இப்படிக் கிட்டே வந்தும் தள்ளிப் போயும் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் இருவரும் ஒரே அறைக்குத் திரும்பிப் போய் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். ரம்பக்காரர், அதாவது மடிப்பக்காவின் கணவர், நாத்தனாரின் அண்ணன், ஜெயிலில் இருந்தார்.

நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது. விரிப்பைப் பார்த்தே இது எந்த லாட்ஜ், படுத்தவன் எப்படிப்பட்டவன், தலைக்கு எண்ணெய் வைப்பவனா இல்லையா என்று ஜாதகம் கணித்துவிடுவாள். கூடத்தில் நீராவியின் புழுக்கத்தில் வேர்த்து ஊற்றிக்கொண்டிருக்கும் மற்றவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். மடிப்பக்கா சிரிக்கமாட்டாள். புருஷன் உள்ளே இருக்கும்போது எப்படிச் சிரிப்பாள், பாவம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் மிஷன் அக்கா வந்தார். பாப்டிஸ்ட் மிஷனில் கைதிகளின் குடும்பங்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அவர் நிதானமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கம்பி உடைந்த குடையோடு எந்நேரமும் எங்கேயாவது ஓடிக்கொண்டிருப்பார். யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கு ஜெயிலில் செருப்பு அறுந்துவிட்டது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மாதம் ஒருமுறை மிஷன் வேனில் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு போய்க் கைதிகளைப் பார்க்க வைத்துக் கூட்டி வருவார். நல்ல மனுஷி. நல்ல மனுஷர்களால் வரும் சங்கடத்தை யாரிடம் போய்ச் சொல்வது!

"ஒரு சந்தோஷமான சமாச்சாரம் கொண்டுவந்திருக்கேன். கையில இருக்கறதைக் கீழ வைங்க ரெண்டு பேரும்."

"கீழ வெச்சா திரும்பத் துவைக்கணும். அப்படியே சொல்லுங்கக்கா" என்றாள் நாத்தனார்.

"உங்க அண்ணன் ஞானஸ்நானம் எடுக்கப் போறார். இந்தச் சனிக்கிழமை, ஜெயிலுக்குள்ளேயே. குடும்பத்து ஆளுங்களும் வந்து உக்காரலாம்னு அதிகாரி அனுமதி குடுத்துட்டார்."

"எங்கண்ணனா? மழைக்காலத்துல முகம் கழுவவே அவனுக்கு ஆயிரம் யோசனை. முழுசா முக்குவீங்களா?"

"முழுசாத்தான். தலையில தெளிச்சு அனுப்பற பழக்கம் நம்ம சபையில இல்லை."

"அப்போ கையோட ஒரு சோப்பும் எடுத்துட்டுப் போங்கக்கா. புண்ணியமாப் போகும்."

மிஷன் அக்கா சிரித்தார். மடிப்பக்கா மட்டும் விரிப்பின் முனையை விடாமல் பிடித்தபடி கேட்டாள்.

"முன்னாடி ஏதோ பேசச் சொல்வாங்களேக்கா?"

"சாட்சி. தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி, தான் எப்படி இருந்தேன், என்ன பண்ணினேன்னு எல்லார் எதிர்லயும் சொல்லணும், ஒண்ணையும் மறைக்காம. கேட்டவங்க மனசுக்குச் சரின்னு பட்டா கையைத் தூக்கி ஏத்துக்குவாங்க. அதுக்கப்புறம்தான் தண்ணி."

"அவர் என்ன சொல்லப் போறாராம்?"

"அது பாஸ்டருக்கும் அவருக்கும்தான் தெரியும். நான் கேக்கல, கேக்கவும் கூடாது. ஆனா பாஸ்டர் சொன்னார், அவர் வீட்டுக்காரம்மாவை எப்படியாவது கூட்டிட்டு வாங்க, அவங்க காதால கேக்கணும்னு. மனசு நிறைஞ்சு போய்ச் சொன்னார்."

விரிப்பின் முனை மடிப்பக்காவின் கையிலிருந்து நழுவி ஈரத் தரையில் விழுந்தது. "போச்சு" என்றாள் நாத்தனார். அதை எடுத்து மறுபடி துவைக்கும் மூட்டையில் போட்டார்கள்.

விஷயத்தை மூடி வைத்துக் கடைசியில் திறந்துகாட்டும் சாமர்த்தியம் எனக்குப் போதாது. இப்போதே சொல்லிவிடுகிறேன். ரம்பக்காரர் குற்றம் செய்தவர்தான். அது மடிப்பக்காவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

மரம் அறுக்கும் மில்லில் அவருக்கும் மேஸ்திரிக்கும் வாய்த்தகராறு. மேஸ்திரி எல்லார் முன்னிலையிலும் அவரைக் கேவலமாகப் பேசிவிட்டார். வேலை முடிந்து ஆட்கள் போனபின் ரம்பக்காரர் திரும்பிப் போனார். கட்டையைப் புரட்டும் கடப்பாரை அங்கே கிடந்தது. மேஸ்திரி உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

இருட்டியபின் வீட்டுக்கு வந்து நின்றவரைப் பார்த்ததும் மடிப்பக்கா எதுவும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னாள். ஆஸ்பத்திரி விரிப்புகளில் தினமும் பார்க்கிற கறைதான். வெந்நீர் பட்டால் அது துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும். அவள் கை தானாகப் பச்சைத் தண்ணீர் வாளிக்குப் போனது. அவள் கசக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பிறகு இரண்டு பேரும் உருளைக்கிழங்கு வேகவைத்துச் சாப்பிட்டார்கள். சாப்பிட முடிந்தது என்பதுதான் பின்னாளில் அவளுக்குக் கூசியது.

கோர்ட்டில் அவள் சொன்னாள்: "அன்னிக்கு ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துட்டார். அப்புறம் வாசல்படி தாண்டல." மில் வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மா, எட்டு மணிக்கு மேல் அவர் மில்லிலிருந்து கைகளைத் துடைத்துக்கொண்டே ஓடியதைப் பார்த்ததாகச் சொன்னாள். ஜட்ஜ் டீக்கடைக்காரம்மாவை நம்பினார். தெரு மடிப்பக்காவை நம்பியது. யார் வீட்டில் பாரம் தூக்க வேண்டுமானாலும் கூப்பிடாமலே போய் நிற்கும் ஆள் ரம்பக்காரர். டீக்கடைக்காரம்மா எங்கிருந்தோ தனியாக வந்து கடை போட்டவள். தெருவுக்குக் கணக்குச் சரியாகப் போயிற்று.

தீர்ப்பு வந்த அன்று மடிப்பக்கா தெருமுனையில் நின்று, "பொய்ச்சாட்சி சொன்ன வாய் புழுத்துப் போகும்" என்று கத்தினாள். தொண்டை கட்டும்வரை கத்தினாள். மறுநாளிலிருந்து டீக்கடை பெஞ்சில் ஆள் இல்லை. அண்ணன் உள்ளே போனபின் அண்ணிக்குத் துணையாக இருக்க வந்து சேர்ந்த நாத்தனார், விஷயம் கேட்ட கையோடு போய்ப் பால் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். மில் வாசலில் கடை போட இடம் இல்லை என்றாகி, டீக்கடை தெருவின் கோடியில் சாக்கடை ஓரத்துக்குப் போனது. அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் மடிப்பக்கா காறித் துப்புவாள். பொய் சொன்னவளுக்கு ஓய்வு ஏது? ஒரு நாள் துப்பாமல் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று, காய்ச்சலில் வாய் வறண்டு கிடந்த நாளிலும் நின்று துப்பிவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்தபின் வாய் கொப்பளிப்பாள். அவமானமாக இருக்கும். யாரிடமும் சொல்ல முடியாத அவமானம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீ மட்டும் போயிட்டு வாயேன். எனக்கு உடம்பு சரியில்ல."

நாத்தனார் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஐஸ் மாதிரி இருக்கு. நடிக்காதீங்க அண்ணி. பயமா இருக்கா?"

"எதுக்குப் பயம்?"

"அழுதுடுவோம்னுதான். எனக்கும்தான் பயம். ஆனா எங்கண்ணன் அத்தனை பேர் முன்னாடி, கடவுள் பேரைச் சொல்லி, நான் பண்ணலன்னு சொல்லப் போறான். அதை அந்த டீக்கடைக்காரி கேக்கணும், அதுதான் என் ஆசை. முடிஞ்சா அவளையும் வேன்ல தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பேன்."

மடிப்பக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்லப் போகிறார். சட்டையைத் துவைத்தது என் பெண்டாட்டி, கோர்ட்டில் பொய் சொன்னது என் பெண்டாட்டி என்று அத்தனை பேர் நடுவே சொல்லத்தான் போகிறார். ஒன்றையும் மறைக்கக்கூடாதாமே. போகாமல் இருந்தால் இன்னும் சந்தேகம் வரும். போனால் அங்கேயே நாத்தனார் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஜெயில் முற்றத்தில் மிஷன் ஆட்கள் பலகைச் சட்டம் அடித்து, அதற்குள் நீலத் தார்ப்பாயை விரித்துத் தொட்டி கட்டியிருந்தார்கள். கைதிகள் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஒரு மூலையில் ஒழுகியது. "இங்க குடிக்கவே சொட்டுச் சொட்டாத்தான் வருது, இவங்க நீச்சல்குளம் கட்டறாங்க" என்று ஒரு வார்டர் முணுமுணுத்தார். பாஸ்டர் குள்ளமான மனிதர். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, ஒழுகும் மூலையைத் தன் தோள்துண்டால் அடைத்துக்கொண்டிருந்தார். கைதிகள் பாயில் உட்கார்ந்தார்கள். குடும்பத்தாருக்குப் பெஞ்சு. மிஷன் அக்கா மடிப்பக்காவை முன்வரிசையில், நடுவில், எல்லார் கண்ணிலும் படும்படி உட்கார வைத்தார். அன்பில் செய்ததுதான்.

மூன்று பேருக்கு ஞானஸ்நானம். முதல் ஆள் தன் திருட்டுகளை வர்ணிக்க ஆரம்பித்தவன் லேசில் நிறுத்துவதாக இல்லை. பூட்டை எப்படித் திறப்பது என்பதுவரை வந்துவிட்டான். கைதிகள் கவனமாகக் கேட்டார்கள். "தம்பி, பாவத்தைச் சுருக்கமாச் சொல்லு, கிருபையை விரிவாச் சொல்லு" என்று பாஸ்டர் அவன் தோளைத் தட்டியதும் முற்றமே சிரித்தது. இரண்டாவது ஆள் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அழுதுவிட்டான். மூன்றாவதாக ரம்பக்காரர் எழுந்து நின்றார். இளைத்துப் போயிருந்தார். கழுத்து எலும்பு தெரிந்தது.

"எனக்குப் பேச வராது" என்று தொடங்கினார். "மேஸ்திரியை நான்தான் அடிச்சேன். கோவத்துல கை நீண்டுடுச்சுன்னு சொல்லமாட்டேன். வீட்டுக்குப் போற வழியில பாதி தூரம் போயிட்டுத் திரும்பி வந்தேன். அடிக்கணும்னுதான் வந்தேன். அவருக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருந்தாங்க. நான் பண்ணல பண்ணலன்னு இத்தனை வருஷம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். டீக்கடை அம்மா பார்த்தது நிஜம். அவங்க சொன்னது ஒவ்வொண்ணும் நிஜம்."

நாத்தனார் மடிப்பக்காவின் கையைப் பிடித்தாள். பிடி இறுகிக்கொண்டே போனது. "என்ன சொல்றான் இவன்?" என்றாள் மெதுவாக.

பாஸ்டர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "இதுல வேற யாருக்காவது பங்கு உண்டா? மனசுல வேற எதையாவது வெச்சிருக்கீங்களா?"

ரம்பக்காரர் முன்வரிசையைப் பார்த்தார்.

"இல்லைங்க. என் வீட்டுக்காரிக்கு எதுவும் தெரியாது. வீட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வெச்சு நான் சீக்கிரமே வந்துட்டதா அவளை நம்ப வெச்சேன். அவ நம்பினதைத்தான் கோர்ட்டுல சொன்னா. அவளையும் ஏமாத்தினேன்."

அந்த வீட்டில் அப்போது கடிகாரமே கிடையாது. மில் சங்குதான் அவர்களுக்கு நேரம். நாத்தனார் அப்போது அங்கே இல்லை, அதனால் அவளுக்குத் தெரியாது.

மடிப்பக்காவுக்கு முதலில் உயிர் வந்தது. தப்பித்தோம் என்று உடம்பெல்லாம் லேசாயிற்று. அடுத்த மூச்சுக்குள் அந்த லேசே அவளைக் கூசவைத்தது.

"இந்தச் சகோதரனோட சாட்சியைக் கேட்டீங்க" என்றார் பாஸ்டர். "முறைப்படி சபை அங்கத்தினர்தான் கை தூக்கணும். ஆனா இங்க இருக்கற எல்லாரும் இவருக்கு உறவுதான். இது உண்மையான சாட்சின்னு ஏத்துக்கறவங்க கையைத் தூக்குங்க."

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் தூக்கினார்கள். மிஷன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே தூக்கினார். வார்டர்கூடப் பாதி தூக்கினார். நாத்தனார் அழுதுகொண்டே, கோபத்தோடு, தூக்கினாள். மடிப்பக்காவின் இரண்டு கைகளும் மடியிலேயே கிடந்தன.

"அம்மா?" என்றார் பாஸ்டர், ரொம்பப் பரிவாக. "அதிர்ச்சியாத்தான் இருக்கும். அவசரம் இல்லை. உங்க கைக்காகத்தான் காத்திருக்கோம்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ரம்பக்காரர் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றார். தொட்டியின் மூலை ஒழுகிக்கொண்டிருந்தது. கை தூக்காவிட்டால் அவரைத் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். தூக்கினால் இரண்டாம் முறையாகப் பொய்க்குச் சாட்சி. ஒரு முறை கோர்ட்டில். இப்போது இங்கே, கடவுள் பேரால். அவள் தூக்கினாள். முற்றத்தில் "அல்லேலூயா" என்றார்கள். பாஸ்டர் ரம்பக்காரரைப் பின்னால் சாய்த்து முழுசாக முக்கி எடுத்தார்.

பிறகு டீயும் பன்னும் கொடுத்தார்கள். குடும்பத்தாரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசலாம் என்றார்கள். நாத்தனார் அண்ணன் பக்கமே வரவில்லை. தூணுக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ரம்பக்காரர் பெண்டாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். குளிரில் உதடு நடுங்கியது.

"தலையைத் துவட்டுங்க."

"பரவாயில்ல."

"ஏன் அப்படிச் சொன்னீங்க? நம்ம வீட்ல எங்க இருந்தது கடிகாரம்?"

"வேற எதுவும் தோணல. உன்னையும் இங்க கூட்டிட்டு வரச் சொல்றியா?"

"அதுக்காக? தண்ணியில இறங்கற நேரத்துலயா பொய் சொல்றது?"

"எத்தனையோ நாளா யோசிச்சேன். என்னுதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்துடுச்சு. உன்னுதைச் சொல்ல நான் யாரு?" பன்னைப் பிய்த்தார், சாப்பிடவில்லை. "பாஸ்டர் முக்கி எடுத்தப்போ எல்லாம் போயிடுச்சுன்னு எல்லாரும் பாடினாங்க. எனக்கு இந்தப் பொய் ஒண்ணு மட்டும் போகல. நீ இதை நினைச்சு மருகாத. நான் தாங்கிக்கறேன்."

அவருக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த ஒரே நல்ல நாள். அதிலும் இவளுடைய அழுக்கு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. மடிப்பக்காவுக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. நேரம் முடிந்தது என்று வார்டர் வந்தார்.

வேனில் மிஷன் அக்கா அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "நீங்க கையைத் தூக்கினீங்க பாருங்க, அதுதாம்மா மன்னிப்பு. உங்களையே ஏமாத்தின மனுஷனுக்கு! அடுத்த ஞாயித்துக்கிழமை குடும்பக் கூட்டத்துல நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும். எத்தனையோ பொம்பளைங்களுக்கு ஆறுதலா இருக்கும்."

நாத்தனார் வேன் நின்றதும் குதித்து இறங்கி நேரே தெருக்கோடிக்கு நடந்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். டீ சிந்தியது.

"அக்கா, எங்கண்ணன்தான் பண்ணியிருக்கான். அவன் வாயாலயே சொல்லிட்டான். உங்க பாலைக் கொட்டினது நான். என்னை நாலு அறை அறைஞ்சுடுங்க, வாங்கிக்கறேன்."

"கையை விடு. சுடுது" என்றாள் டீக்கடைக்காரம்மா. பிறகு, "இப்படி உக்காரு" என்றாள். நாத்தனார் அங்கேயே உட்கார்ந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதாள். மடிப்பக்கா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இவளால் எப்படி இப்படி உடைத்துப் போட்டுவிட்டு அழ முடிகிறது என்று பொறாமையாக இருந்தது. அறியாமல் செய்தவளுக்கு எல்லாம் சுலபம்.

ஒரே நாளில் தெரு திரும்பிப் படுத்தது. இத்தனை வருஷம் டீக்கடைப் பக்கம் தலை வைக்காதவர்கள் எல்லாம் அங்கே போய் நின்று டீ குடித்தார்கள். எனக்கு அப்போதே தெரியும் என்றார்கள். மடிப்பக்காவைக் கண்டால் குரலைத் தணித்து, "பாவம், கட்டினவனே கழுத்தறுத்துட்டான்" என்றார்கள். சலவைக்கூடத்து முதலாளி, முடியாவிட்டால் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்து வீட்டில் சூப் வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் டீக்கடைக்காரம்மாவே வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு ஃப்ளாஸ்க். நாத்தனார் அடுப்படியில் இருந்தாள். மடிப்பக்கா எழுந்தவள் உட்காரச் சொல்லவும் தோன்றாமல் நின்றாள். டீக்கடைக்காரம்மா கதவைச் சாத்திவிட்டுத் தானாகவே உட்கார்ந்தாள்.

"நீ வருவேன்னு பார்த்தேன். வரல. சரி, கூச்சப்படறியோன்னு நானே வந்தேன்" என்றாள். "உன் மேல தப்பு இல்லம்மா. புருஷன் சொன்னதை நம்பாத பொண்டாட்டி உண்டா? நான் வந்தது வேற விஷயத்துக்கு. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"என்கிட்டயா?"

"நீ துப்பிட்டுப் போறப்பல்லாம் உன்னைச் சபிச்சிருக்கேன். நீ நாசமாப் போகணும்னு. உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இப்போதானே தெரியுது." ஃப்ளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றினாள். "இன்னொண்ணு சொல்லட்டுமா? உன்னாலதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. நீ தெருவுல நின்னு அப்படிக் கத்தினே பாரு, அந்தச் சத்தம்! பொய் சொல்றவளுக்கு அப்படிக் கத்த வராதுன்னு தோணுச்சு. ஆள் மாறிப் பார்த்துட்டேனோ, யாரோ ஒரு அப்பாவியை உள்ள தள்ளிட்டேனோன்னு. என் கண்ணையே நான் நம்பல. எத்தனை வருஷம்! கண் டாக்டர்கிட்டகூடப் போனேன், சிரிக்காதே. இப்போதான் நிம்மதி. இந்தா, குடி."

டீ ஆவி பறந்தது. மடிப்பக்கா அதை வாங்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவர் அடிச்சது. அன்னிக்கே தெரியும். சட்டையை நான்தான் துவைச்சேன். எங்க வீட்ல கடிகாரமே இல்ல. எனக்காகத்தான் அவர் அங்க பொய் சொன்னார். நான் தெரிஞ்சேதான் உங்களைப் பொய்க்காரின்னு சொன்னேன். தெரிஞ்சேதான் துப்பினேன்."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. நாத்தனார் நிலைப்படியில் வந்து நின்றாள்.

டீக்கடைக்காரம்மா அவளையே பார்த்தாள். முகத்தில் இருந்த இளக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. ஊற்றிய டீயைத் திரும்ப ஃப்ளாஸ்க்கிலேயே விட்டு மூடினாள்.

"கோர்ட்டுல அத்தனை பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரின்னே. தெருமுனையில நின்னு சொன்னே. இப்போ கதவைச் சாத்திக்கிட்டு நாலு சுவத்துக்குள்ள உண்மை சொல்றே."

"அக்கா..."

"மன்னிக்கணும்னா நான் யாரை மன்னிக்கறது? தெருவுக்கு வேற ஒருத்தி, எனக்கு வேற ஒருத்தியா?" எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

நாத்தனார் நிலைப்படியிலேயே நின்று சொன்னாள். "எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம் அண்ணி. ஒரே தட்டுலதான சாப்பிட்டோம்." கொஞ்சம் பொறுத்து, "வெளிய சொன்னா போலீஸ் வரும். ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். பாயை எடுத்துக்கொண்டு அடுப்படியில் போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. டீக்கடையில் நல்ல கூட்டம். மில் ஆட்கள், சலவைக்கூடத்து ஆட்கள், தெருக்காரர்கள், சாக்கடை ஓரம் என்றும் பார்க்காமல் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகும் உடையில் மடிப்பக்கா வந்தாள். "வாம்மா, வா. இவங்களுக்கு வழி விடுங்கப்பா" என்று யாரோ பரிவாகச் சொன்னார்கள். நாத்தனார் பின்னாலேயே வந்தவள், கிட்டே வராமல் எதிர்ச்சுவர் ஓரம் நின்றாள்.

மடிப்பக்கா கடைக்கு முன்னால் போய் நின்றாள். அன்றைக்குத் தெருமுனையில் அப்படிக் கத்திய தொண்டை இப்போது எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

"எல்லாரும் என்னைப் பாவம்னு சொல்றீங்க" என்று ஆரம்பித்தாள். "நான் பாவம் இல்ல. என் வீட்டுக்காரர் என்னை ஏமாத்தல. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் கோர்ட்டுல பொய் சொன்னேன். இந்த அக்கா சொன்னதுதான் நிஜம்னு தெரிஞ்சேதான் இவங்க பொழைப்பைக் கெடுத்தேன்."

முன்னால் நின்றவர்களுக்குத்தான் அது கேட்டது. அவர்கள் டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். பின்னால் நின்றவர்கள், என்னவாம், என்னவாம் என்று கேட்டார்கள். மடிப்பக்கா தலையைக் குனிந்துகொண்டாள். முடிந்தது, ஓடிவிடலாம் என்று திரும்பினாள்.

டீக்கடைக்காரம்மா ஆற்றுவதை நிறுத்தவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"சத்தமாச் சொல்லு" என்றாள். "பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

மடிப்பக்கா திரும்பி நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.